கியர் பாக்ஸை இறக்கும் முன்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருவார்கள்: "கியர் பாக்ஸ் போச்சு, பிரிச்சுப் பூட்டணும்." பிரிப்பது பெரிய வேலை. கோளாறோ பல சமயம் பாக்ஸுக்கு வெளியில், கிளட்ச் பக்கமோ லீவர் பக்கமோ உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, பாக்ஸை இறக்கியே தீர வேண்டிய இடம் வரை வரிசையாகச் சொல்கிறேன். வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடிக்காமல் பெல் ஹவுசிங் (பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும், கிளட்சை மூடியிருக்கும் கூடு) போல்ட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

முன்னால் இன்ஜின், பின் சக்கர டிரைவ் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது: மஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000, நிஸான் 350இசட், டொயோட்டா 86 மாதிரி. இன்ஜின் நடுவில் இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் லீவருக்கும் பாக்ஸுக்கும் நடுவே கேபிள் ஓடும். அதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் எல்லாம் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டினால் சந்தேகம் முதலில் கிளட்ச் மேல். அணைத்த நிலையிலும் முரண்டு பிடித்தால் லீவர், அதைப் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ், அப்புறம் பாக்ஸ். ஒரு கியர் மட்டும் லேசாக அடம்பிடித்தால் வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி மறுபடி போடுங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றிருந்தால் அப்படித்தான் இருக்கும், அது கோளாறு அல்ல.

கிளட்ச் ஆயில், அதாவது கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் திரவத்தின் மட்டம். ரிசர்வாயரில் குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்கிறது. மேலே ஊற்றி மூடுவது பரிகாரம் ஆகாது.

கியர் ஆயில். வண்டியைச் சமமாக ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. முதலில் ஊற்றும் பக்கத்து பிளக்கைத் திறங்கள், அது திறந்த பிறகே வடிக்கும் பிளக். இந்த வரிசை முக்கியம். மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருந்து, கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வடித்த ஆயில் நிறைய சொல்லும். காந்த பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பது சாதாரணம். விரலில் தேய்த்தால் கரைந்துவிடும் அளவு மென்மையாக இருந்தால் கவலை இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது ஆயிலில் பொன்னிறமாக மின்னினால் அது பித்தளை சிங்க்ரோ வளையத்திலிருந்து (கியர் விழும் முன் சுழற்சி வேகங்களைச் சமமாக்கும் வளையம்) வந்தது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால் பிளக்கை மட்டும் பார்த்தால் தெரியாது. செதில் செதிலாக மெல்லிய எஃகு வந்தால் பேரிங். மூலையும் முனையுமாக, உருவம் தெரியும் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. அந்தக் கடைசி நிலையில் மேற்கொண்டு சோதனை வேண்டாம், வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

புது ஆயில் எது என்பதற்கு வண்டியின் மேனுவல் ஒன்றே சாட்சி. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரங்கள். ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவது பழைய வண்டிகளில் அடிக்கடி பார்க்கும் தவறு. ஜிஎல்-5 டிஃபரன்ஷியலுக்கு ஏற்றபடி அதிக அழுத்த மருந்து கலந்தது. சிங்க்ரோ வளையம் கோனை (கியரின் கூம்பு வடிவப் பகுதியை) பிடிக்க உராய்வு வேண்டும். இது அந்தப் பிடியைக் குறைக்கலாம், சில கலவைகள் பித்தளையையும் அரிக்கும். முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாத வண்டிக்கு, மற்ற எதற்கும் முன் சரியான ஆயிலை மாற்றிச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். "இரண்டாவது கியர் கடிக்குது" என்று வந்த வண்டி அதோடு சரியாகித் திரும்பிப் போவதும் உண்டு.

## அறிகுறி 1: இன்ஜின் ஓடும்போது எந்த கியரும் ஒழுங்காக விழவில்லை, ரிவர்ஸ் கரகரக்கிறது

மெக்கானிக் பாஷையில் கிளட்ச் ஃப்ரீ ஆகவில்லை. பெடலை முழுக்க மிதித்தும் தட்டு இன்ஜினை விட்டுப் பிரியாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

உறுதி செய்ய: வண்டியை நிறுத்தி, ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். அத்தனை நேரத்தில் உள்ளே ஷாப்ட் சுழற்சி நின்றிருக்க வேண்டும். இன்னும் கரகரத்தால் கிளட்ச் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து எண்ணிய பிறகு சத்தமில்லாமல் விழுந்து, உடனே போட்டால் மட்டும் கரகரத்தால் அது ரிவர்ஸில் சிங்க்ரோ இல்லாத பாக்ஸின் இயல்பு. பொறுத்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

### பெடலை வேகமாக இரண்டு மூன்று தடவை மிதித்தால் சரியாகிறதா?

ஆம் என்றால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் சீல் கசிகிறது. பிளீட் செய்யுங்கள், அதாவது லைனிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். பிளீட் செய்து சில நாளில் மறுபடி வந்தால் சீல்தான். பெடலுக்கு மேலே, காலடிப் பக்கம் ஈரம் இருந்தால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். பாக்ஸ் ஓரத்தில், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கும்போது ஆயில் வழிந்தால் ஸ்லேவ். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் ஸ்லேவ் சிலிண்டர் போவது அவ்வளவு சகஜம், கியர் விழவில்லை என்றதும் முதலில் கையை அங்கேதான் வைக்க வேண்டும். வெளியிலேயே இருக்கிறது, இரண்டு போல்ட். நிஸான் 370இசட் போன்றவற்றில் அது பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, இன்ஜின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மாற்ற பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச் செட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

### பெடலில் வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஃப்ரீ ஆகவில்லையா?

ஒருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக நகர்ந்தால் பெடல் அட்ஜஸ்ட்மென்ட், பெடல் பிராக்கெட்டில் விரிசல், மிதிக்கும்போது பலூனாக ஊதும் பழைய ரப்பர் ஹோஸ் என்று போகும் வழி. சரியாகவே நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள்ளே: வளைந்த தட்டு, ஸ்ப்ளைனில் (ஷாப்டில் ஏறும் பள்ளங்களில்) துரு ஏறிய தட்டு, தேய்ந்த கிளட்ச் ஃபோர்க் அல்லது அதன் குமிழ், ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங் இறுகிப்போனது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் தட்டு ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிப் போயிருப்பதும் உண்டு.

எப்போது ஆள் கூப்பிட: பிளீட்டும் வெளி ஸ்லேவும் வீட்டிலேயே செய்யலாம். உள் ஸ்லேவ், பைலட் பேரிங் என்றால் பாக்ஸ் இறங்க வேண்டும். இரண்டு பேரும் டிரான்ஸ்மிஷன் ஜாக்கும் இல்லாமல் முயல வேண்டாம்.

## அறிகுறி 2: ஒரு கியர் மட்டும் கடிக்கிறது

பெரும்பாலும் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மற்ற கியரெல்லாம் சுத்தமாக விழும்போது கிளட்சைக் குற்றம் சொல்ல முடியாது.

### குளிரில் மட்டுமா?

காலை முதல் சில கிலோமீட்டர் இரண்டாவது கியர் முரண்டு பிடித்து, சூடானதும் சரியாகிவிடுகிறதென்றால் பாக்ஸைத் தொட வேண்டாம். இந்த வகைப் பாக்ஸ்கள் பலவற்றுக்கு அது பழக்கம். ஆயில் கெட்டியாக இருக்கிறது; மெதுவாக மாற்றுங்கள், அல்லது சூடாகும் வரை முதலிலிருந்து கொஞ்சம் நிதானித்து இரண்டாவதுக்கு வாருங்கள். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதால் கியர் ஆயில் பெரிதாகச் சூடாகாது, ஓடினால்தான் சூடாகும்.

### சூடானாலும் கடிக்கிறதா?

டபுள் கிளட்ச் செய்து பாருங்கள். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச் விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டாவது. இப்படிச் செய்தால் வெண்ணெய் மாதிரி விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் கடிக்கிறது என்றால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. பல் இன்னும் தப்பித்திருக்க வாய்ப்புண்டு. இந்தப் பழக்கத்தோடு நீண்ட நாள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. கடிக்கவிட்டே ஓட்டுவதுதான் தப்பு. ஒவ்வொரு கரகரப்பும் டாக் பல்லின் (கியரின் ஓரத்தில், ஸ்லீவ் வந்து பூட்டிக்கொள்ளும் சிறு பல்) முனையை மழுக்கும், வளையத்தோடு போயிருக்க வேண்டிய செலவு கியர், நகர்ந்து கியரைப் பூட்டும் ஸ்லீவ், அது நகரும் ஹப் என்று வளரும்.

டபுள் கிளட்சிலும் கடித்தால் டாக் பல் மழுங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

### பாக்ஸைப் பிரித்த பிறகு எதைப் பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள், எந்தப் பொருளை வாங்குவது என்பது இந்தச் சோதனையில்தான் முடிவாகும்.

வளையத்தை அதன் கோன் மேல் சமமாக அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியரின் டாக் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) சுற்றிலும் அளவெடுங்கள். தேயத் தேய வளையம் கோனில் கீழே இறங்கும், இடைவெளி குறையும். கீழ்வரம்பு பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும், 0.8 மி.மீ. என்று போட்டிருக்கும் மேனுவல்களைப் பார்த்திருக்கிறேன், உங்கள் பாக்ஸுக்கு உங்கள் மேனுவல்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கோனில் கொஞ்சம் கியர் ஆயில் தடவி, வளையத்தை அழுத்தித் திருப்புங்கள். கடித்துப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் உள்பக்கம் உள்ள நுண்ணிய வரிகள் மழுங்கிவிட்டன, அந்த வளையம் உதவாது.

அடுத்து டாக் பல். புதிதில் ஒவ்வொரு பல்லின் முனையும் கூரை முகடு போலக் கூராக இருக்கும். நகத்தால் வருடினால் முனை உருண்டோ, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தோ இருப்பது தெரியும். கண்ணை விட நகம் நம்பகமானது. பல் உருண்டிருந்தால் புது வளையம் போட்டும் பயனில்லை, சில வாரத்தில் பழைய கரகரப்பு திரும்பிவிடும். ஸ்லீவின் உள்பல்லையும் இதே மாதிரி. ஹப்பில் உள்ள மூன்று கீகளின் நடு மேடு தேய்ந்திருக்கிறதா, ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சில்லறைச் சாமான்தான் வளையத்தை முதலில் கோன் மேல் தள்ளுகிறது.

இரண்டாவது கியர், வளையம், ஸ்லீவ், ஹப் எல்லாமே போயிருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். புதுப் பாகங்களின் மொத்த விலை, குறைவாக ஓடிய இன்னொரு பாக்ஸின் விலையைத் தாண்டுவது பல மாடல்களில் நடக்கும். அப்போது பிரிப்பதை விட மாற்றுவது புத்திசாலித்தனம்.

## அறிகுறி 3: போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது

முதலில் வெளியே. லீவர் அடியில் உள்ள ரப்பர் பூட் அல்லது கன்சோல் விளிம்பு லீவரைப் பின்னுக்குத் தள்ளுகிறதா? பின்னாளில் போட்ட குட்டை லீவர், கனமான குமிழ் இருந்தால் பழையதை மாட்டிப் பாருங்கள். கேபிள் உள்ள வண்டியில் அட்ஜஸ்ட்மென்ட் தப்பினால் கியர் முக்கால்தான் விழும். அதுவே கழலக் காரணம். அடுத்து இன்ஜின், பாக்ஸ் மவுன்ட்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது லீவர் கையில் துள்ளினால் மவுன்ட் கிழிந்திருக்கிறது.

அடுத்து டிடென்ட். கியரைப் பூட்டி நிறுத்தும் சிறு குண்டும் ஸ்ப்ரிங்கும். சில பாக்ஸில் வெளியிலுள்ள பிளக்கைக் கழற்றியே எடுத்துவிடலாம். ஸ்ப்ரிங் நீளத்தை அளந்து, குறைந்திருந்தால் மாற்றுங்கள்.

கடைசியில் உள்ளே. ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கின் நுனித் தேய்மானம், ஸ்லீவ் மற்றும் டாக் பல்லின் பக்கச் சரிவு தேய்ந்தது, ஷாப்டின் முன்பின் ஆட்டம். பல்லின் பக்கங்கள் உட்பக்கமாகச் சரித்து வெட்டப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது ஸ்லீவை உள்ளே இழுத்துப் பிடிப்பது அந்தச் சரிவுதான். ஆக்சிலரேட்டரில் கழல்கிறதா, காலை எடுத்ததும் கழல்கிறதா என்று குறித்து வையுங்கள். பல்லின் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பிரிப்பவருக்கு அது உதவும்.

லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஃபோர்க் எந்நேரமும் ஸ்லீவில் உரசி, ஒரு கோளாறு இரண்டாகும்.

## அறிகுறி 4: சத்தம்

எந்த நிலையில் வருகிறது என்பதுதான் விஷயம்.

### நியூட்ரலில், கிளட்ச் விட்டிருக்கும்போது, மிதித்தால் நின்றுவிடுகிறது

இன்புட் ஷாப்ட் பேரிங், அல்லது அதற்கு இணையாக ஓடும் கவுண்டர் ஷாப்டின் பேரிங். ஆனால் முந்தையவர் எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டிருந்தால் ஐடிலில் கலகலவென்று கியர்கள் தட்டும் சத்தம் இயல்பே. ஆர்பிஎம் கொஞ்சம் ஏற்றினால் மறையும். பேரிங் சத்தம் மறையாது, சுருதி ஏறும்.

### மிதித்தால் மட்டும்

பெடலில் கால் லேசாக அழுந்தியதுமே தொடங்கினால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து கியர் போட்டு நிற்கும்போது கீச்சிட்டால் பைலட் பேரிங். இரண்டுமே பாக்ஸுக்குள் இல்லை, பாக்ஸை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டாம்.

### ஓடும்போது, ஒரு கியரில் மட்டும் அமைதி

இது அருமையான தடயம். நேரடி கியரில், அதாவது விகிதம் 1.000 உள்ள கியரில், விசை கவுண்டர் ஷாப்ட் வழியாகப் போகாமல் நேராகப் பின்னால் போகும். பழைய எம்எக்ஸ்-5-இன் 5 கியர் பாக்ஸில் அது நான்காவது. இரண்டாம் தலைமுறையில் வந்த 6 கியர் பாக்ஸில் ஐந்தாவது. அந்த கியரில் மட்டும் இரைச்சல் அடங்கினால் கவுண்டர் ஷாப்ட் பேரிங்குகளையும் இன்புட் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். எல்லாப் பாக்ஸிலும் நேரடி கியர் இருக்காது. நடு இன்ஜின் வண்டிகளில் பொதுவாக இல்லை, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

### ஒரு கியரில் மட்டும் சத்தம்

அந்த ஜோடியின் பற்கள். வேகத்தோடு சேர்ந்து டிக் டிக் என்று வந்தால் ஒரு பல் பெயர்ந்திருக்கலாம். ஆயிலை வடித்துப் பாருங்கள்.

### நியூட்ரலில் உருண்டாலும் அதே இரைச்சல்

காலியான நேரான சாலையில் இன்ஜின் ஐடிலில் இருக்க, நியூட்ரலில் உருளவிட்டு இதைக் கேளுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு உருளக் கூடாது, பிரேக் பூஸ்டும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். சத்தம் மாறவே இல்லை என்றால் டிஃபரன்ஷியல், சக்கர பேரிங், புரோபெல்லர் ஷாப்ட். பாக்ஸின் பின் பேரிங்கும் பட்டியலில் உண்டு, ஆனால் கடைசியில்.

## அறிகுறி 5: லீவர் கல் மாதிரி, அல்லது கூழ் மாதிரி

தளர்ந்து ஆடினால் லீவர் அடியிலுள்ள புஷ்கள். மலிவு, மேலிருந்தே மாற்றலாம். கடினமாக இருந்தால், முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5-இன் 5 கியர் பாக்ஸில் லீவர் உட்காரும் கிண்ணத்தில் தனி ஆயில் உண்டு, நூறு மில்லிக்கும் குறைவு. கீழ் ரப்பர் பூட் கிழிந்து அது வற்றிப்போயிருக்கும். பூட்டை மாற்றி, கிண்ணத்தைத் துடைத்துப் புது ஆயில் விடுங்கள். கீழ் பூட் கிழிந்த வண்டியில் கேபினுக்குள் சூடும் சத்தமும் ஏறும், அதுவும் அடங்கும்.

## அறிகுறி 6: ஒழுகல்

பின்பக்கம் என்றால் அவுட்புட் சீல். புரோபெல்லர் ஷாப்டைக் கழற்றி மாற்றிவிடலாம். பெல் ஹவுசிங் அடியில் சொட்டினால் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி என்றால் பாக்ஸின் முன் சீல், கருப்பாக நெடியின்றி இருந்தால் இன்ஜினின் பின் சீல். எதுவானாலும் கிளட்ச் தட்டு நனைந்திருக்கலாம். சீல் மாற்றியும் மறுபடி ஒழுகினால் பாக்ஸ் மேலுள்ள மூச்சுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 7: ஒரு கியரில் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை

லீவரை முறுக்காதீர்கள். மேலே லீவரின் கீழ்முனை கழன்றிருக்கிறதா, புஷ் உடைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து சக்கரமே பூட்டிக்கொண்டால், அப்படி விழாமல் தடுக்கும் இன்டர்லாக் போய்விட்டது. பின் சக்கரங்கள் தரையில் படாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

## பிரித்தே ஆக வேண்டும் என்றால்

இறக்குவதை நீங்களே செய்து, பிரிப்பதை மட்டும் கியர் பாக்ஸ் வேலையே செய்பவரிடம் கொடுப்பது என் கணக்கில் நல்ல பங்கீடு. ஹைட்ராலிக் பிரஸ், பேரிங் புல்லர், டயல் கேஜ், அந்தப் பாக்ஸின் மேனுவல், இந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் பிரிக்க வேண்டாம். ஷாப்ட் ஆட்டத்தைச் சரிசெய்யும் சர்க்ளிப்பும் ஷிம்மும் பல தடிமன்களில் வரும். அளந்து தேர்ந்தெடுக்க வேண்டியவை, கண்ணளவில் ஆகாது. சில பாக்ஸில் ஷாப்ட் நட்டுக்கு இடப்பக்க மரை இருக்கும். இறுக்கும் திசை என்று தெரியாமல் இம்பாக்ட் வைத்து ஷாப்டைக் கெடுத்தவர்கள் உண்டு.

பிரித்துவிட்டால் கரகரத்த கியரை மட்டும் பார்த்து மூடாதீர்கள். எல்லா பேரிங்கும் எல்லா சீலும் எல்லா வளையமும் மாறட்டும். ஹப்பையும் ஸ்லீவையும் பிரிக்கும் முன் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் அடையாளம் போடுங்கள். திருப்பிப் பூட்டினாலும் உள்ளே போய்விடும், கியர்தான் ஒழுங்காக விழாது. பழைய வளையத்தை மறுபடி போடுவதாக இருந்தால் அது எந்த கியரின் கோனில் ஓடியதோ அதற்கே போக வேண்டும். பேரிங்கை ஏற்றும்போது ஷாப்டில் பிடிக்கும் உள் வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளி வளையத்தைத் தட்டினால் குண்டுகள் வழியாக அடி இறங்கி, புது பேரிங் முதல் நாளே இரையும்.

திரும்ப ஏற்றும்போது இரண்டு விஷயம். பெல் ஹவுசிங்கும் இன்ஜினும் சேரும் இடத்தில், மையம் தப்பாமல் பொருத்தும் டவல் பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டியில் முன்பு யாரோ இறக்கி, பின்னைத் தொலைத்திருப்பார்கள். பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் முடுக்கினால் ஷாப்ட் மையம் தப்பி, பைலட் பேரிங்கையும் புது இன்புட் பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். அடுத்து, பாக்ஸின் எடை இன்புட் ஷாப்டில் ஒரு நொடி கூடத் தொங்கக் கூடாது; கிளட்ச் தட்டின் ஹப் வளைந்தால் மறுபடி அறிகுறி 1-க்கே வந்து நிற்போம். போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். கையால் தள்ளியே விளிம்போடு விளிம்பு சேர வேண்டும்.

பூட்டி முடித்த பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வேகமான கியர் மாற்றம் வேண்டாம், புது வளையங்கள் கோனில் படிய வேண்டும். 500 முதல் 1,000 கி.மீ.க்குள் ஆயிலை வடித்து மாற்றுங்கள். அதில் லேசான பொன் மினுமினுப்பு இருக்கும், பரவாயில்லை. செதிலோ துண்டோ இருந்தால் புது ஆயில் ஊற்றாமல், பாக்ஸைப் பூட்டியவரை அழைத்து வடித்ததை அப்படியே காட்டுங்கள்.